கூட்ஸ் வண்டிக்கு அந்தப் பக்கம் என் மனைவி

நான் ஒருமுறை என் மனைவியைத் தொலைத்திருக்கிறேன். திருவிழாக் கூட்டத்திலோ வெளியூர் பேருந்து நிலையத்திலோ அல்ல. பட்டப்பகலில், எங்கள் வீட்டிலிருந்து உரக்கக் கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில், நான் பிறந்து வளர்ந்த கொருக்குப்பேட்டையில். அப்போது எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. (புது மாப்பிள்ளைகள் மோதிரத்தைத் தொலைப்பார்கள், கைக்கடிகாரத்தைத் தொலைப்பார்கள். நான் எதையும் கொஞ்சம் பெரிதாகச் செய்து பழக்கப்பட்டவன்.)

எங்கள் குடும்பம் உடன்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தது. அப்பாவுக்குக் கொருக்குப்பேட்டையில் பிளாஸ்டிக் சாமான் கடை. குடம், பக்கெட், முறம், அன்னக்கூடை எல்லாம் கிடைக்கும். கடைக்கு மேலே வீடு. வியாபாரம் சென்னையில் என்றாலும் பெண் எடுப்பது மட்டும் ஊர்ப்பக்கம் போய்த்தான். அப்படி வந்தவள்தான் செல்வி.

செல்வியின் அண்ணன் துரைக்குத் தாம்பரத்தில் வேலை. தங்கை கொருக்குப்பேட்டையில் குடித்தனம் நடத்தப்போவது அவருக்குப் பிடிக்கவில்லை. கல்யாணப் பந்தியிலேயே, "அந்தப் பக்கம் கொசு சாஸ்தியா இருக்குமே மாப்ள" என்றார். (தாம்பரத்துக் கொசுக்கள் கடிப்பதற்கு முன் அனுமதி கேட்கும் போல.) சொன்னதோடு நிற்கவில்லை. தன் தெருவிலேயே காற்று வருகிற ஒரு மாடி வீட்டைப் பார்த்து வைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் வீட்டுக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று போன் வந்தது.

எனக்குப் பகீரென்றது. அப்பாவுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. பரண் மேலிருந்து குடம் எடுப்பதும் லாரி வந்தால் சரக்கு இறக்குவதும் நான்தான். தாம்பரத்திலிருந்து வந்து கடை திறப்பதென்றால் என் வாழ்க்கையில் பாதி ரயிலில் போய்விடும். அதுகூடப் பரவாயில்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்து, "நாங்க தாம்பரம் போறோம்" என்று என்னால் சொல்ல முடியாது.

இதையெல்லாம் நான் செல்வியிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "ஒனக்கு எது இஷ்டமோ அதைச் செய்" என்று பெரிய மனுஷன் மாதிரிச் சொல்லிவிட்டு, மொட்டை மாடிக்குப் போய்க் கொஞ்ச நேரம் தனியாக நின்றேன்.

செல்வி யோசித்துவிட்டு ஒரு வழி சொன்னாள். "ஒங்க ஊரை நான் ஒரு நாள் நடந்து பாக்கேன். பைக்ல வேண்டாம், கண்ணுல தூசிதான் விழும். பாத்துட்டு, அண்ணன்ட்ட சாயங்காலம் நானே சொல்லுதேன்."

இங்கே ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். பெண் பார்க்கப் போன அன்று, "ராயபுரத்துல இருந்து எண்ணூர் வரைக்கும் எனக்குத் தெரியாத சந்தே கெடையாது" என்று நான் அளந்துவிட்டிருந்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் பள்ளிக்கூடம், கடை, குடோன், இவை மூன்றுக்கும் நடுவில் இருக்கும் டீக்கடைகள். ஆகவே முதல் நாள் கைபேசியில் வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வடசென்னையை மனப்பாடம் செய்தேன். பத்தாம் வகுப்புத் தேர்வுக்குக்கூட அப்படிப் படித்ததில்லை. (படித்திருந்தால் குடம் விற்க வேண்டி வந்திருக்காது.)

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பினோம். நான் புது வெள்ளைச் சட்டையும் கல்யாணத்துக்கு வாங்கிய வெள்ளை ஷூவும் போட்டிருந்தேன். வடசென்னையில் நடக்க வெள்ளை ஷூ போடுகிறவனைப் பற்றி மேலும் விளக்க வேண்டியதில்லை. செல்வி சிவப்புச் சுடிதாரும் சாதாரணச் செருப்பும் போட்டுக்கொண்டு வந்தாள். அவளுடைய போன், பர்ஸ், தண்ணீர் பாட்டில் எல்லாம் இருந்த பையை, நானே சுமப்பேன் என்று வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டேன். புதுக் கணவன் என்றால் சும்மாவா. அந்தப் பையை மட்டும் அன்று அவளே வைத்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுத வேண்டி வந்திருக்காது.

முதலில் ராயபுரம் ரயில் நிலையம். முன்னால் நின்று, தூண்களைக் காட்டி, இந்தப் பக்கத்து முதல் ரயில் இங்கிருந்துதான் புறப்பட்டது என்று ஆரம்பித்து, மனப்பாடம் செய்ததையெல்லாம் ஒப்பித்தேன். செல்வி தூணைத் தொட்டுப் பார்த்தாள்.

"உள்ள போயி கொஞ்ச நேரம் உக்காருவோமா?"

"நேரமில்ல செல்வி. இன்னும் எவ்ளோ இருக்கு தெரியுமா?" என்று சொல்லிவிட்டு நான் நடந்தேன். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. வருகிறாள் என்று தெரிந்ததால் திரும்பவில்லை.

அடுத்தது காசிமேடு. ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே மீன் வாங்கப் பாதிச் சென்னை கூடும். இவளுக்கு நாற்றம் ஒத்துக்கொள்ளாமல் போய்விடுமோ என்று எனக்குப் பயம். ஆனால் கடற்கரைப் பக்கத்தில் வளர்ந்தவளுக்கு மீன் நாற்றம் ஒரு பொருட்டா? அவள்பாட்டுக்கு ஒரு மீன்காரம்மாவின் முன்னால் குனிந்து ஒவ்வொரு மீனாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். வழிகாட்டி நான் இருக்கையில் அவள் தானாகப் பார்ப்பதா? முன்னால் போய் ஒரு மீனைக் காட்டி, "இதான் வஞ்சிரம்" என்றேன்.

மீன்காரம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இன்னா தல, பாறை மீனக் காட்டி வஞ்சிரம்ன்ற? கண்ணாலம் ஆன ஜோருல மீனு மாறிப் பூட்ச்சா?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். செல்வியும் சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன், நான் பார்க்கவில்லை. ஏனென்றால் கௌரவமாகப் பின்வாங்குவதற்காக ஓர் அடி பின்னால் வைத்தேன். அங்கே ஐஸ் உருகிய தண்ணீரும் மீன் கழுவிய தண்ணீரும் ஒன்றாகக் கலந்து என் வருகைக்காகக் காத்திருந்தன. வெள்ளைச் சட்டையோடு மல்லாந்து விழுந்தேன்.

"பாத்து நைனா, வழுக்கும்" என்றாள் மீன்காரம்மா, நான் விழுந்து முடித்த பிறகு.

எழுந்து, முதுகில் மீன் செதிலோடு, ஒன்றும் நடக்காத மாதிரி எண்ணூர் சாலையில் நடக்க ஆரம்பித்தேன். அது கடலோரச் சாலை. ஒரு பக்கம் அலை, கருங்கல், காற்று என்று வரைபடத்தில் நன்றாகத்தான் இருந்தது. வரைபடத்தில் கண்டெய்னர் லாரிகள் இல்லை. நேரில் துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்ணுக்கெட்டிய தூரம் நின்றன. கடலைக் காட்ட வேண்டுமென்றால் இரண்டு லாரிக்கு நடுவில் காட்ட வேண்டும். "அதோ பாரு கடல்" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த லாரி வந்து மறைத்தது. லாரி போனதும் புழுதி வந்து மறைத்தது. ஒவ்வொன்றுக்கும் அவள் "ம்" என்றாள். அந்த "ம்" ஒவ்வொன்றிலும் எனக்குத் தாம்பரம் கேட்டது.

திருவொற்றியூரை நெருங்கும்போது அவள் செருப்பு வார் அறுந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் செருப்புத் தைப்பவர் ஒருவரும் கண்ணில் படவில்லை. அவளே துப்பட்டாவிலிருந்து ஊக்கைக் கழற்றி வாரைக் குத்திக்கொண்டாள். சரி, கோயிலுக்குள் போனால் செருப்பே வேண்டாம் என்று ஆறுதல் சொல்லிக் கூட்டிப்போனேன். கோயில் நடை சாத்தியிருந்தது. உலகத்தில் எல்லாக் கோயிலும் மதியம் நடை சாத்தும் என்பது, ராத்திரி முழுக்க வரைபடம் படித்தவனுக்கு நினைவுக்கு வரவில்லை. வாசலில் பூ கட்டிக்கொண்டிருந்த அம்மா, "சாய்ங்காலமா வா கண்ணு, அம்மன் எங்கியும் பூடாது" என்றார்.

"இங்கயே நெழல்ல இருந்துட்டு, தெறந்ததும் சாமி கும்பிட்டுப் போவோமா?" என்று செல்வி கேட்டாள்.

அவள் களைத்துவிட்டாள் என்று எனக்குப் புரிந்தது. களைத்தவளை உட்கார விட்டால் யோசிப்பாள், யோசித்தால் தாம்பரம்தான் நினைவுக்கு வரும் என்று கணக்குப் போட்டேன். "சாப்பிட்டா தெம்பாயிடும், வா" என்று, நான் அடிக்கடி பெருமையடித்த பிரியாணிக் கடைக்குக் கூட்டிப்போனேன். அங்கே கடைப்பையன் அண்டாவைக் கவிழ்த்து வைத்துக் கழுவிக்கொண்டிருந்தான். பக்கத்துப் பெட்டிக்கடையில் ஆளுக்கு இரண்டு வாழைப்பழம் தின்றோம். அன்றைய விருந்து அதுதான்.

ஊக்குக் குத்திய செருப்போடு அதற்கு மேல் நடக்க முடியாது என்பதால் எண்ணூருக்கு மட்டும் ஷேர் ஆட்டோ பிடித்தோம். காத்திவாக்கம் தாண்டி இறங்கி நெட்டுக்குப்பத்துக்கு நடந்தோம். இதுதான் என் கடைசித் துருப்புச் சீட்டு. ஆறு வந்து கடலில் கலக்கும் முகத்துவாரம். பெண் பார்த்த அன்று, "அங்க நின்னா மனசு அப்படியே லேசாயிடும்" என்று சொல்லியிருந்தேன். சொன்னபோது நான் அங்கே நின்றதில்லை.

நின்று பார்த்தேன். மனசு லேசாகவில்லை. அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் வரிசையாக நின்று புகைவிட்டுக்கொண்டிருந்தன. தண்ணீர் சாம்பல் நிறத்தில் இருந்தது, கரையும் அப்படித்தான் இருந்தது. படகுகள் மட்டும் நீலமும் மஞ்சளுமாக, இடம் மாறி வந்துவிட்ட மாதிரிக் கட்டிக் கிடந்தன. ஊக்கும் பிய்ந்து போனதால் செல்வி செருப்பைக் கழற்றி என் தோள் பையில் போட்டுவிட்டு வெறுங்காலில் நின்றாள்.

ஓலைப் பந்தலின் கீழே இறால் பிரித்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, "யாரு வூட்டுக்கு வந்துகிறீங்க?" என்று கேட்டாள்.

"யார் வீட்டுக்கும் இல்லக்கா. சும்மா சுத்திப் பாக்க வந்தோம்" என்றேன்.

"இங்க இன்னாத்தப் பாக்கப் போற? நாங்களே பாத்துப் பாத்துப் பேஜாராயி குந்திகினுகீறோம்." பிறகு செல்வியைப் பார்த்து, "வெறுங்காலோட நிக்காதம்மா, சுடும். இப்டி நெழல்ல வந்து குந்து" என்றாள்.

செல்வி போய் உட்கார்ந்தாள். அந்த அம்மா ஒரு செம்பில் தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டுச் செல்வி ஏதோ கேட்க, அவள் ஏதோ சொல்ல, கொஞ்ச நேரத்தில் பார்த்தால் என் மனைவி கூடைக்குள் கைவிட்டு இறால் பிரித்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு மனசு உடைந்துவிட்டது. ஊர் பார்க்க வந்தவள், ஊரைப் பார்ப்பதைவிட இறால் உரிப்பதே மேல் என்று உட்கார்ந்துவிட்டாளே. இதற்கு மேல் ஒருத்தி எப்படித் தன் வெறுப்பைக் காட்ட முடியும்? இவளை இங்கிருந்து கிளப்பி, வீட்டுக்குப் போகும் வழியில் தண்டையார்பேட்டையில் நல்ல ஐஸ்கிரீமாவது வாங்கிக் கொடுத்தால் ஒரு மதிப்பெண் கூடலாம் என்று தோன்றியது. "செல்வி, நேரமாச்சு, கெளம்பு" என்றேன். "இப்பதான உக்காந்தேன்" என்றாள். "கெளம்பு கெளம்பு" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

(ஐஸ்கிரீம் கடையும் மூடியிருந்தது. அதை விவரிக்க எனக்குத் தெம்பில்லை.)

தண்டையார்பேட்டைப் பக்கம் இறங்கிக் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டுக்கு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. கேட் மூடியிருந்தது. தண்டவாளத்தை அடைத்துக்கொண்டு ஒரு கூட்ஸ் வண்டி நின்றது. இரண்டு பக்கமும் பைக்குகள், சைக்கிள்கள், காலிக் குடத்தோடு பெண்கள். கேட்டுக்கு அந்தப் பக்கம்தான் எங்கள் கடையும் வீடும்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பேட்டையில் பிறந்தவனுக்கு, நின்றுகொண்டிருக்கும் கூட்ஸ் வண்டி என்பது வண்டியே அல்ல. அது உயரம் குறைந்த ஒரு வாசல், அவ்வளவுதான். இரண்டு பெட்டிகளை இணைக்கும் கொக்கிக்குக் கீழே குனிந்து அந்தப் பக்கம் போய்விடுவோம். தப்புதான், உயிருக்கு ஆபத்துதான். கேட்கீப்பர் விசில் ஊதித் திட்டுவார். அவர் திட்டத் திட்ட நாங்கள் குனிவோம். பள்ளிக்கூடம் போகும் வயதிலிருந்து இதே பழக்கம். மூளையைக் கேட்காமலே முதுகு தானாக வளையும்.

அன்றும் வளைந்தது. நான் செல்வியிடம் விடாமல் பேசிக்கொண்டே வந்துகொண்டிருந்தேன். தாம்பரத்தில் தண்ணீர் உப்பு என்று கேள்விப்பட்டதாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பேசிக்கொண்டே குனிந்தேன். பேசிக்கொண்டே அந்தப் பக்கம் எழுந்தேன். "பாத்து வா" என்று, திரும்பாமலே பின்னால் கையை நீட்டினேன்.

கையை ஒருவர் பிடித்தார். சொரசொரவென்று இருந்தது. திரும்பினால் ஒரு பெரியவர். என் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து, "தேங்ஸ்பா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

குனிந்து பார்த்தேன். பெட்டிக்குக் கீழே அந்தப் பக்கத்துக் கால்கள் வரிசையாகத் தெரிந்தன. அவற்றுக்கு நடுவில் கணுக்கால் வரை சாம்பல் படிந்த இரண்டு வெறுங்கால்கள், கேட்டுக்கு அப்பால், அசையாமல் நின்றன.

"செல்வி, குனிஞ்சு வா. ஒண்ணும் ஆவாது" என்று கத்தினேன்.

பெட்டிகளுக்கு நடுவிலிருந்த இடுக்கில் அவள் முகம் தெரிந்தது. புழுதியும் வேர்வையுமாக இருந்தது. அவள் கத்தவில்லை. தலையை மட்டும் இல்லை என்று ஆட்டினாள்.

சரி, நானே திரும்பிப் போய்விடலாம் என்று கொக்கிக்குக் கீழே தலையைக் கொடுத்தேன். அந்த நேரம் பார்த்து இன்ஜின் பக்கமிருந்து கடகடவென்று ஒரு சத்தம் கிளம்பிப் பெட்டி பெட்டியாக ஓடி வந்தது. யாரோ என் சட்டைக் காலரைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். ஆட்டோக்காரர் ஒருவர். "இன்னா, சாவப் போறியா?" என்று ஒரு தள்ளு தள்ளினார். வண்டி இரண்டு முழம் நகர்ந்தது, மறுபடி நின்றது. கேட்கீப்பர் கூண்டிலிருந்து இறங்கி வந்து எல்லாரையும் பின்னால் விரட்டினார்.

அதற்குள் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. காலி மீன் கூடையோடு நின்றிருந்த தனம் அக்கா. எங்கள் கடையில்தான் குடம் வாங்குவார். "யோவ் குடக்கடை, கட்டினு வந்த பொண்ண உட்டுட்டு நீ மட்டும் பூந்து பூட்டியா? நல்லாக்கீதுய்யா ஒன் நாயம்."

என் பக்கத்திலிருந்து ஒருவர் எனக்காக வாதாடினார். "நின்ன வண்டிதானக்கா. அந்தப் பொண்ணக் குனிஞ்சு வரச் சொல்லு. டெய்லி நாம பூந்து போவல?"

"அது இன்னாத்துக்குக் குனியணும்? அவன் இன்னாத்துக்குப் பூந்தான்? அத்தக் கேளு மொதல்ல."

கொஞ்ச நேரத்தில் வண்டிக்கு இரண்டு பக்கமும் என் குடும்ப வாழ்க்கை பொது விவாதத்துக்கு வந்துவிட்டது. பைக்கை அணைத்துவிட்டு ஆளாளுக்குத் தீர்ப்புச் சொன்னார்கள். பொதுவாக நான் ஒரு கலீஜ் என்பதில் இரண்டு பக்கமும் ஒத்துப்போனது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவளுடைய போன், பர்ஸ், செருப்பு எல்லாம் என் தோளில் இருந்தன. கையில் காசில்லாமல், காலில் செருப்பில்லாமல், தெரியாத ஊரில் அவளை நிறுத்தி வைத்திருக்கிறேன். செருப்பையாவது கொடுத்துவிட வேண்டும் என்று துடித்தேன். தூக்கிப் போட்டால் போய்விடும் என்று தோன்றியது. (தோன்றியதுதான் தப்பு.) அறுந்த செருப்பைக் குறிபார்த்து, வண்டிக்கு மேலாக வீசினேன்.

அது நிலக்கரி ஏற்றும் திறந்த பெட்டி. செருப்பு அழகாக வளைந்து போய் அதற்குள் விழுந்தது.

இரண்டு பக்கமும் எல்லாரும் அந்தப் பெட்டியையே அண்ணாந்து பார்த்தார்கள். பிறகு தனம் அக்காவின் குரல் கேட்டது. "சோடியையும் போட்று நைனா. தனியா போனா பயப்படும்."

அதற்குப் பிறகு வண்டி கிளம்பியது. பெட்டிக்குப் பின்னால் பெட்டியாகப் போய்க்கொண்டே இருந்தது. இந்த நாட்டில் இவ்வளவு நிலக்கரி இருக்கிறது என்று எனக்கு அன்றுதான் தெரியும். நான் மீதிச் செருப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன். கடைசிப் பெட்டியும் போய், கேட் திறந்து, இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு கலைந்தது.

அவள் நின்ற இடத்தில் அவள் இல்லை.

அந்த நிமிடத்தை வேடிக்கையாக எழுத எனக்கு இன்றுவரை வரவில்லை. அவளுக்கு இந்த ஊர் பிடிக்காமல் போகட்டும், தாம்பரம் போகட்டும், நானும் பின்னாலேயே போய் ரயிலிலேயே வாழ்கிறேன், இப்போது அவள் முகத்தைப் பார்த்தால் போதும் என்று இருந்தது.

ஒரு ஆட்டோக்காரரிடம் சிவப்புச் சுடிதார் போட்ட பெண்ணைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். "செவப்பா? இப்பதான் சென்ட்ரலுக்கு ஆட்டோ புட்ச்சுகினு போச்சே. மூஞ்சி உம்முனு இருந்துச்சு" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் பார்த்தது வேறொரு சிவப்புச் சுடிதார். ஆனால் காலையிலிருந்து நான் பயந்துகொண்டிருந்ததும் இதுதானே. காசில்லாமல் எப்படி ஆட்டோ ஏறினாள் என்றுகூட யோசிக்காமல் நானும் ஒரு ஆட்டோவில் ஏறி சென்ட்ரலுக்குப் பறந்தேன்.

சென்ட்ரலில் உடன்குடிக்கு ரயில் கிடையாது. தெற்கே போகும் ரயில்கள் எழும்பூரிலிருந்து புறப்படும். பிறந்ததிலிருந்து ஊருக்குப் போய் வருகிறவனுக்கு, சென்ட்ரலின் பிளாட்பாரங்களை எல்லாம் தேடி முடித்த பிறகுதான் அது நினைவுக்கு வந்தது. ஒருவேளை தாம்பரத்துக்குப் போயிருப்பாளோ என்று துரைக்குப் போன் செய்தேன்.

"மச்சான், செல்வி அங்க வந்தாளா?"

"அவ ஒங்களோடதான மாப்ள சுத்திப் பாக்கப் போனா?"

"ஆமா. நடுவுல ஒரு ரயில் வந்துட்டுது."

இப்படிச் சொன்னால் கேட்பவர் என்ன நினைப்பார் என்பது போனை வைத்த பிறகுதான் புரிந்தது. துரை அந்த நிமிடமே பைக்கை எடுத்துவிட்டார். வழியில் உடன்குடிக்கும் சொல்லிவிட்டார். அங்கே என் மாமியார் மயங்கி விழுந்து, பக்கத்து வீட்டுக்காரர்கள் கூடிவிட்டார்கள். என் போன் அடித்தது, மாமனார். எடுக்கத் தைரியமில்லை. பைக்குள் இருந்த செல்வியின் போன் அடித்தது. அதை எடுத்தால் யாருக்கு என்ன சொல்வது? எடுக்கவில்லை. இரண்டு போனும் மாறி மாறி அடித்தன. ஒரு கையில் ஒற்றைச் செருப்பு, தோளில் பெண்கள் பை, மீன் வாடை அடிக்கும் சட்டை. என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து போய்விட்டார்கள்.

தோற்றுப்போய் வீடு வந்து சேர்ந்தபோது கடை பாதி ஷட்டர் இறங்கியிருந்தது. சாவு விழுந்தால் தவிர அப்பா அந்த நேரத்தில் ஷட்டரை இறக்க மாட்டார். வாசலில் துரையின் பைக் நின்றது.

உள்ளே செல்வி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எங்கள் கடைப் புது பேசினில் உப்புப் போட்ட வெந்நீரில் அவள் கால்கள் இருந்தன. அம்மா குனிந்து இன்னும் வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். தனம் அக்கா தரையில் சாவகாசமாக உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். வண்டி போய்க்கொண்டிருக்கும்போதே அவர்தான் செல்வியை ஸ்டேஷன் நடைமேம்பாலப் படிக்கட்டு வழியாக ஏற்றி இறக்கிக் கூட்டி வந்திருக்கிறார். நான் சென்ட்ரலுக்கு ஆட்டோ ஏறியபோது செல்வி எங்கள் தெருவுக்குள் நடந்து வந்துகொண்டிருந்திருக்கிறாள். என் போனில் மாமனார் விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்ததால், நான் எடுக்காத அவள் போனுக்கு அத்தனை முறை கூப்பிட்டது அம்மா.

நான் கையிலிருந்த ஒற்றைச் செருப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

துரைதான் ஆரம்பித்தார். "பாத்துட்டல்லா. வீட்டுக்காரருக்கு நான் பதில் சொல்லணும். என்ன சொல்லட்டும்?"

அப்பா ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய கை முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தது. நான் மனசுக்குள் ரயில் பாஸ் எடுக்க ஆரம்பித்தேன்.

"வேண்டாம்னு சொல்லிருண்ணே" என்றாள் செல்வி.

"என்னட்டீ சொல்லுத?"

"இந்த ஊரைத்தான் நான் இன்னும் பாக்கவே இல்லியே. பாக்காம எப்படிப் பிடிக்கலன்னு சொல்ல?"

"காலையில இருந்து சுத்திட்டுத்தான வந்திருக்க?"

"சுத்துனேன். காலையில இருந்து நான் பாத்ததெல்லாம் இவரு முதுகு மட்டும்தான். ஸ்டேசனும் முதுகு, கோயிலும் முதுகு. காசிமேட்டுக்குப் பொறவு அதுல நாலு மீன் செதில் வேற ஒட்டியிருந்துச்சு."

தனம் அக்கா காப்பியைத் துப்பிவிட்டார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஜன்னல் பக்கம் நின்ற அப்பாவின் தோள் குலுங்கியது. அவர் சிரித்தாரா அழுதாரா என்று நான் இதுவரை கேட்கவில்லை.

எல்லாரும் போன பிறகு நான் மன்னிப்புக் கேட்டேன். வண்டிக்குக் கீழே குனிந்தது தப்பு, இனிமேல் சாகும்வரை குனிய மாட்டேன் என்றேன். (குனிந்ததில்லை.) அவள் காலைத் துடைத்துக்கொண்டே, "நீங்க குனிஞ்சதுக்குக்கூட எனக்குக் கோவம் இல்ல. நான் வாரேனான்னு திரும்பிப் பாக்காம குனிஞ்சீங்கள்லா" என்றாள்.

அதற்கப்புறம் அவள் வடசென்னையைப் பார்த்தாள். தனம் அக்காவோடு போய்ப் பார்த்தாள். ராயபுரம் ஸ்டேஷனில் ஆற அமர உட்கார்ந்தாளாம், அம்மனை நின்று கும்பிட்டாளாம். நெட்டுக்குப்பத்து இறால்காரம்மா இப்போது எங்கள் வீட்டுக்கு வந்து போகிற அளவுக்குப் பழக்கம். அந்தப் பயணங்கள் எதிலும் என்னைச் சேர்த்துக்கொண்டதில்லை. "வழி காட்ட ஆள் வேணும்னா சொல்லு" என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் கடைக்கு வந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

என் கதை என்னைவிட வேகமாக உடன்குடி போய்ச் சேர்ந்துவிட்டது. ஊர்ப்பக்கம் எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும், பந்தியில் உட்காருவதற்குள் யாராவது ஒரு பெரியப்பா வருவார். "மாப்ள, கொஞ்சம் திரும்பி நில்லுங்க, மெட்ராஸப் பாத்துக்கிடுதோம்" என்பார். பிள்ளைகள்கூட வரிசையில் வந்து என் முதுகைப் பார்த்துவிட்டுப் போகின்றன. எங்கள் மகளிடம் பள்ளிக்கூடத்தில் 'நான் பார்த்த ஊர்' என்று கட்டுரை எழுதச் சொன்னபோது, முதுகைப் பார்க்க என் சட்டையைக் கழற்றச் சொன்னாள். இது என்ன பிழைப்பு என்று சில நாள் இருக்கிறது.

இப்போதெல்லாம் குடும்பத்தோடு எங்கே கிளம்பினாலும் செல்விதான் முன்னால் நடக்கிறாள். பைகளைச் சுமந்துகொண்டு நான் பின்னால் போகிறேன். ஒவ்வொரு தெருமுனையிலும் அவள் நின்று, நான் வருகிறேனா என்று திரும்பிப் பார்க்கிறாள். அவள் அப்படிப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.